கால்நடைகளுக்கு வாய்வழி மருந்து கொடுக்கும் முறைகள்



மாலையில் மேய்ச்சல் முடிந்து வந்த பசு தீனி தொடவில்லை, அசை போடவில்லை. வீட்டார் கவலைப்படுகிறார்கள். பெரியவர் ஒருவர் கைமருந்து சொல்ல, அதை இடித்துக் கரைக்கிறார்கள். பசுவின் தலையைக் கயிற்றால் தூக்கி மரக்கிளையில் கட்டுகிறார்கள். ஒருவர் நாக்கை வெளியே இழுத்துப் பிடிக்க, மற்றொருவர் மூங்கில் குழாயில் உள்ள மருந்தை ஒரே மூச்சில் கவிழ்க்கிறார். பசு இருமுகிறது, திமிறுகிறது. 'மருந்து உள்ளே போய்விட்டது' என்ற நிறைவுடன் எல்லோரும் கலைகிறார்கள்.

இரண்டு மூன்று நாட்களில் பசுவுக்குக் கடுங்காய்ச்சல், மூச்சிரைப்பு, மூக்கில் துர்நாற்றமுள்ள சளி. அதன் பின் இறப்பு. 'நோய் முற்றிவிட்டது, மருந்தும் கேட்கவில்லை' என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பசுவைக் கொன்றது நோயன்று, மருந்துமன்று. மருந்தைப் புகட்டிய முறையே கொன்றது. வயிற்றுக்குப் போகவேண்டிய மருந்து நுரையீரலுக்குப் போய்விட்டது.

நம் வீடுகளில் குழந்தைக்குப் புரையேறினால் உடனே பதறுகிறோம். வாயில்லாச் சீவனுக்குப் புரையேறினால் அதைப் பொருட்படுத்துவதில்லை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் வட்டாரங்களில் இரண்டு கறவை மாடுகளையும் பத்து ஆடுகளையும் நம்பிக் குடும்பம் நடத்துவோர் பலர். ஒரு கறவை போனால் பிள்ளைகளின் படிப்புச் செலவும் சேர்ந்து போகும். எனவே, வாய்வழியாக மருந்து கொடுக்கும் முறைகளை ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருப்பது நலம்.

மருந்து போகும் வழி

மாடு, ஆடு போன்ற அசைபோடும் கால்நடைகளின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறையே மிகப் பெரியது. வளர்ந்த மாட்டில் இது 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இங்கே குடியிருந்து வைக்கோலையும் புல்லையும் செரிக்கச் செய்கின்றன. இரண்டாம் அறையின் உட்புறம் தேன்கூடு போல் இருக்கும். இது இதயத்திற்கு மிக அருகில் உள்ளது. நான்காம் அறையே மனிதரின் இரைப்பைக்கு ஒப்பானது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, வாய்வழி கொடுத்த மருந்து முதலில் இந்தப் பெரிய தொட்டியில் கலந்து, பிறகுதான் மெதுவாகக் குடலுக்குச் செல்கிறது. ஊசி மருந்தைப் போல் உடனடிப் பலனை எதிர்பார்க்கக் கூடாது. 'ஒரு மணி நேரமாகியும் கேட்கவில்லையே' என்று அதே மருந்தை மீண்டும் புகட்டுவது தவறு.

இரண்டாவது, நோய்க்கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வளர்ந்த மாட்டுக்கு நம் விருப்பப்படி வாய்வழி கொடுத்தால், அவை வயிற்றில் உள்ள நல்ல நுண்ணுயிர்களையும் அழித்துவிடும். நோய் தீருமுன் செரிமானம் கெட்டுவிடும். மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் மாத்திரைகளை வாங்கி நான்கைந்தாகக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, பால் குடிக்கும் கன்றின் கதை வேறு. கன்று பால் ஊட்டும்போது உணவுக்குழலின் முடிவில் உள்ள ஒரு வாய்க்கால் மூடிக்கொண்டு குழாய் போலாகி, பாலை நேரே நான்காம் அறைக்கு அனுப்பிவிடும். கன்றின் வாயில் பாலை வலிந்து ஊற்றினால் இந்த வாய்க்கால் சரியாக மூடாமல் பால் முதல் அறைக்குச் சென்று புளித்துப்போகும். எனவே கன்றுக்குப் பாலோ நீர்மருந்தோ ஊட்டிக் குடிக்கும்படி காம்பு பொருத்திய புட்டியில் கொடுப்பதே சிறந்தது.

நீர்மருந்து புகட்டும் முறை

மாட்டின் மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. முன்வாய்க்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே இருபுறமும் பல் இல்லாத இடைவெளி உண்டு. மருந்து கொடுக்க இயற்கை அமைத்த வாசல் அதுவே. புகட்டும்போது கீழ்க்கண்டவாறு செய்க.

1. மாட்டை நிற்கவைத்தே மருந்து கொடுக்க வேண்டும். மாட்டின் வலப்புறம் அதன் தோளையொட்டி நின்றுகொண்டு, இடக்கையை முகத்தின் மேல் சுற்றி வளைத்துத் தலையைப் பிடிக்கவும்.

2. தலையைத் தரைக்கு இணையாக மட்டும் உயர்த்தவும். மூக்கு, கண்ணின் மட்டத்திற்கு மேல் போகக் கூடாது. தலையை அண்ணாந்து பார்க்கும்படி தூக்கினால் மாட்டினால் விழுங்க முடியாது. நீங்களே அண்ணாந்துகொண்டு தண்ணீரை விழுங்கிப் பாருங்கள். இதன் துன்பம் விளங்கும்.

3. நாக்கை இழுக்கவே கூடாது. நாக்கு அசைந்தால்தான் விழுங்க முடியும்.

4. கடைவாய் இடைவெளி வழியாகப் புட்டியின் வாயை நுழைத்து, நாக்கின் பின்பகுதியில் மருந்து விழுமாறு சிறிது சிறிதாக ஊற்றவும். தொண்டைக்குள் புட்டியைத் திணிக்க வேண்டாம். ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய் ஊற்ற வேண்டும். தொண்டைப் பகுதி அசைவதைப் பார்த்து இதை அறியலாம்.

5. இருமினாலும் திமிறினாலும் உடனே நிறுத்தித் தலையை விட்டுவிட வேண்டும். தலையைத் தாழ்த்தி இருமி முடித்த பிறகு தொடரலாம்.

கண்ணாடிப் புட்டியைப் பயன்படுத்தாதீர்கள். மாடு கடித்தால் உடைந்து வாயைக் கிழிக்கும். கழுத்து நீண்ட பிளாஸ்டிக் புட்டி போதும். மூங்கில் குழாயானால் அதன் விளிம்பை நன்றாகத் தேய்த்து மழுங்கச் செய்ய வேண்டும்.

ஆடுகளுக்கு ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சு மிகவும் ஏற்றது. அளவும் சரியாக இருக்கும், சிந்தவும் சிந்தாது. ஆட்டை இரு கால்களுக்கும் இடையே நிறுத்தி, தாடையைத் தாங்கிப் பிடித்து, கடைவாய் வழியே மெதுவாகச் செலுத்துக. ஆட்டை மல்லாக்கப் படுக்கவைத்து மருந்து ஊற்றக் கூடாது.

எண்ணெயில் இரட்டிப்பு எச்சரிக்கை

வயிற்று உப்புசத்தில், நுரை கட்டி வயிறு உப்பியிருந்தால், கால் லிட்டர் அளவில் கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் பெரிய மாட்டுக்குக் கொடுக்கலாம். நுரையை உடைக்க அது உதவும். ஆனால் எண்ணெய் தவறிப்போய் மூச்சுக்குழாயில் இறங்கினால் தண்ணீரைப் போல் உடனே இருமலை எழுப்பாது. ஓசையின்றி நுரையீரலில் சேர்ந்துவிடும். ஆகையால் எண்ணெய் கொடுக்கும்போது மிக மெதுவாகக் கொடுக்க வேண்டும். மாடு மூச்சுத் திணறினாலோ, தள்ளாடினாலோ எண்ணெய் புகட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். காற்றை உடனே வெளியேற்றினாலன்றி அந்த மாடு பிழைப்பது அரிது.

எப்போது வாய்வழி கொடுக்கவே கூடாது?

படுத்துவிட்ட மாட்டுக்கும், கழுத்தை ஒருபுறம் மடக்கிக்கொண்டு மயங்கிக் கிடக்கும் மாட்டுக்கும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கன்று ஈன்ற ஓரிரு நாளில் கறவைப் பசு இவ்வாறு விழுவது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரும் பால் காய்ச்சலே. அந்நிலையில் விழுங்கும் தசைகள் வலுவிழந்திருக்கும். மருத்துவர் வந்து சுண்ணாம்புச் சத்து மருந்தை நரம்பில் ஏற்றினால், சற்று முன் சாகக் கிடந்த பசு எழுந்து நிற்பதைக் காணலாம். அவர் வருமுன் 'சும்மா இருப்பானேன்' என்று கஞ்சி ஊற்றினால் பசுவை இழப்போம்.

தொண்டை வீங்கியிருக்கும்போதும், மூச்சிரைக்கும்போதும், இருமும்போதும், எச்சில் ஒழுகியபடி விழுங்க முடியாமல் தவிக்கும்போதும் இதே விதி. விழுங்க முடியாத மாடு வெறிநாய்க்கடி நோய் கண்டதாகவும் இருக்கலாம். அதன் வாயில் கை விட்டால் உங்கள் உயிருக்கே ஆபத்து.

மாத்திரை, பொடி, உருண்டை

சிறு மாத்திரைகளை வாழைப்பழத்திலோ வெல்லத்திலோ பொதிந்து கொடுக்கலாம். 'போலஸ்' எனப்படும் பெரிய மாத்திரையை உடைத்துப் பொடித்து வெல்லத்துடன் உருண்டையாக்கலாம். உடைக்கக் கூடாது என்று உறையில் அச்சிட்டிருந்தால் முழுதாகவே கொடுக்க வேண்டும். மாத்திரை செலுத்தும் கருவியும் குழாயும் மருத்துவரின் கைக்கே உரியவை.

பொடிகளை அடர்தீவனத்தில் கலப்பது எளிது. ஆனால் பல மாடுகள் ஒரே தொட்டியில் தின்றால் வலியது மருந்தை மிகுதியாகத் தின்னும். நோயுற்ற மெலிந்த மாட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே தனித்தனியே வைக்க வேண்டும்.

மூலிகை மருந்துகளை அரைத்து நாக்கில் தடவிக் கொடுப்பது நல்ல பழக்கம். இதில் புரையேறும் அச்சம் குறைவு. கோமாரி கண்ட மாட்டுக்கு வாய்ப்புண் இருப்பதால் புகட்டுவது கடினம். இதற்கு மரபுவழி மருத்துவத்தில் ஒரு முறை பரிந்துரைக்கப்படுகிறது. சீரகம், வெந்தயம், மிளகு ஒவ்வொன்றும் 10 கிராம் எடுத்து நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, 10 கிராம் மஞ்சள்தூள், 4 பல் பூண்டு சேர்த்து அரைத்து, ஒரு தேங்காயின் துருவலும் 120 கிராம் வெல்லமும் கலந்து, சிறு சிறு உருண்டைகளாக நாக்கிலும் மேல்வாயிலும் தடவ வேண்டும். ஒவ்வொரு வேளையும் புதிதாகத் தயாரித்து, நாளொன்றுக்கு மூன்று வேளை, 3 முதல் 5 நாட்கள் வரை கொடுக்கலாம். ஆனால் இது தடுப்பூசிக்கு மாற்றாகாது. கோமாரி வராமல் காப்பது தடுப்பூசியே.

குடற்புழு நீக்கத்தில் அளவே உயிர்

நம் மாவட்டத்தில் மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஆரணியாறு, கொசஸ்தலையாறு பாயும் தாழ்நிலங்களிலும், ஏரிப் புறம்போக்குகளிலும், நெல் வயல் வரப்புகளிலும் ஈரம் நிற்கும். அங்கே நத்தைகள் பெருகும். தட்டைப்புழுவின் குஞ்சுகள் இந்த நத்தைகளில் வளர்ந்து, பிறகு புல்லில் ஒட்டிக்கொண்டு ஆடுமாடுகளின் வயிற்றைச் சேர்கின்றன. கழிச்சல், மெலிவு, சோகை, தாடையின் கீழ் பை போல் நீர்வீக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள்.

எல்லாப் புழுவுக்கும் ஒரே மருந்து என்று எண்ண வேண்டாம். உருண்டைப்புழுவுக்கான மருந்து தட்டைப்புழுவை அதே அளவில் கொல்லாது. சாணத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு போய் கால்நடை மருந்தகத்தில் சோதித்து, இருக்கும் புழுவுக்கு ஏற்ற மருந்தை வாங்குவதே சிக்கனம். கறவையில் உள்ள மாட்டுக்கு எல்லா மருந்தும் ஆகாது. அல்பெண்டசோல் மருந்தைச் சினையின் முதல் ஒன்றரை மாதத்தில் கொடுக்கக் கூடாது. எனவே மருந்து கேட்கும்போது சினையையும் கறவையையும் மறவாமல் சொல்லவும்.

அடுத்து எடை. நம்மவர் பெரும்பாலும் கண்ணளவில் மதிப்பிடுகிறோம். தையற்காரர் நாடா ஒன்றிருந்தால் போதும். எடையை ஏறத்தாழச் சரியாகக் கணக்கிடலாம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்கவும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: நம் பகுதிக்கே உரிய சென்னைச் சிவப்பு இனச் செம்மறியாடு ஒன்றின் சுற்றளவு 26 அங்குலம், நீளம் 24 அங்குலம் எனக் கொள்வோம். 26 x 26 x 24 = 16,224. இதை 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 24 கிலோ. கிலோவுக்கு 7.5 மி.கி. வீதம் அல்பெண்டசோல் கொடுக்க மருத்துவர் சொல்லியிருந்தால் இந்த ஆட்டுக்கு 180 மி.கி. தேவை. புட்டியில் 2.5 சதவீதம் என்றிருந்தால் ஒரு மி.லி.யில் 25 மி.கி. இருக்கும். ஆகவே 7.2 மி.லி. கொடுக்க வேண்டும். இதே ஆட்டைக் கண்ணளவில் 16 கிலோ என்று நினைத்தால் 4.8 மி.லி. தான் கொடுத்திருப்போம்.

குறைந்த அளவு கொடுத்தால் என்ன நேரும்? வலுவற்ற புழுக்கள் சாகும். மருந்தைத் தாங்கும் புழுக்கள் பிழைத்து இனம் பெருக்கும். சில ஆண்டுகளில் அந்த மந்தையில் அந்த மருந்து வேலை செய்யாது. இந்தியாவின் பல பகுதிகளில் செம்மறியாட்டு மந்தைகளில் இந்நிலை காணப்பட்டுள்ளது. ஒவ்வொரு முறையும் புட்டியை நன்றாகக் குலுக்கிய பிறகே அளக்கவும். மருந்து அடியில் படிந்திருந்தால் முதல் ஆட்டுக்கு வெறும் நீரும், கடைசி ஆட்டுக்கு அளவு மிஞ்சிய மருந்தும் போய்ச் சேரும்.

கன்றுகளுக்கு முதல் குடற்புழு மருந்தைப் பிறந்த 10 முதல் 15 நாட்களுக்குள் மருத்துவர் ஆலோசனைப்படி கொடுக்கலாம். தாய் வழியாகவே புழு வந்து சேர்வதுண்டு என்பதால் காலந்தாழ்த்த வேண்டாம்.

கழியும் கன்றுக்கு உப்புச் சர்க்கரை நீர்

வாய்வழி மருந்துகளில் மிக மலிவானதும், மிகப் பல உயிர்களைக் காத்ததும் இதுவே. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு கலந்து வாய்வழியாகவே குடிக்கச் செய்தார். அங்கு 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்திற்கும் கீழே இறங்கியது.

கன்றுகள் கழிச்சலில் சாவதும் பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதால்தான். மருந்தகங்களில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை உறையில் கண்டபடி கொதித்து ஆறிய நீரில் கரைத்து, வெதுவெதுப்பாகக் காம்புப் புட்டியில் அடிக்கடி கொடுக்கவும். பாலை அடியோடு நிறுத்த வேண்டாம். பால் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இந்நீரைக் கொடுக்கலாம். கன்று ஊட்டும் வலுவையும் இழந்துவிட்டால் வாயில் ஊற்றாமல் மருத்துவரிடம் கொண்டு செல்க.

கோழிகளுக்கு

கோழிக்குக் குடிநீரில் மருந்தோ தடுப்பு மருந்தோ கலக்கும்போது, அதற்கு முன் ஓரிரு மணி நேரம் தண்ணீர் வைக்காமல் இருந்தால் எல்லாக் கோழிகளும் தாகத்துடன் வந்து குடிக்கும். பிளீச்சிங் பவுடர் கலந்த நீர் தடுப்பு மருந்தைக் கெடுத்துவிடும். புறக்கடைக் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோயைத் தடுக்க, குருணை வடிவிலான வாய்வழித் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. தீனியோடு இறைத்துவிட்டால் கோழிகள் கொத்தித் தின்னும். பிடித்து ஊசி போடும் தொல்லை இல்லை.

தொழிற்பேட்டை ஓரத்து மாடுகளுக்கு ஒரு காந்தம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியிலும் அதையொட்டிய சாலையோரங்களிலும் மேயும் மாடுகளுக்குத் தனியாக ஓர் ஆபத்து உண்டு. மாடு புல்லை நாக்கால் சுருட்டி, மெல்லாமல் விழுங்கும். புல்லோடு ஆணி, கம்பித் துண்டு, எரித்த டயரின் கம்பி எது இருந்தாலும் உள்ளே போய்விடும். கனமான இப்பொருள்கள் தேன்கூட்டறையில் தங்கும். அந்த அறை சுருங்கும்போதெல்லாம் கம்பி சிறிது சிறிதாகத் துளைத்து இதயத்தின் உறையைக் குத்தும். முதுகை வளைத்து நிற்றல், முன்னங்கால் முழங்கைகளை அகற்றி வைத்தல், பள்ளத்தில் இறங்கத் தயங்குதல், முனகல், பால் திடீரெனக் குறைதல், பிறகு நெஞ்சடியில் நீர்வீக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். வீக்கம் கண்ட பிறகு காப்பாற்றுவது மிகவும் அரிது.

இதற்கு முன்னேற்பாடாக ஒரு விரல் அளவுள்ள உருளைக் காந்தத்தை மருத்துவர் வாய்வழியாகச் செலுத்துவதுண்டு. அது தேன்கூட்டறையில் தங்கி, பின்னர் விழுங்கப்படும் இரும்புத் துண்டுகளைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் ஆயுளுக்கும் ஒன்றே போதும். முன்பே காந்தம் இருக்கிறதா என்பதை மார்பின் இடப்புறம் திசைகாட்டியைக் கொண்டு சென்று அறியலாம். ஆனால் காந்தம் செம்பையும் அலுமினியத்தையும் பிடிக்காது. ஏற்கெனவே துளைத்துச் சென்ற கம்பியையும் திரும்ப இழுக்காது.

பிளாஸ்டிக் பைக்கோ எந்த மருந்தும் இல்லை. 'கரைக்கும் மருந்து' என்று யாரேனும் விற்றால் ஏமாறாதீர்கள். வயிற்றைத் திறந்து எடுப்பதே வழி. 1903-இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையில் இவ்வகை அறுவை செய்யப்படுகிறது. குப்பை கொட்டும் இடங்களில் மாட்டை அவிழ்த்துவிடாதிருப்பதே இதைவிட எளிய வைத்தியம்.

நினைவில் கொள்ளவேண்டியவை

நிற்காத மாட்டுக்கு ஊற்றாதீர். தலையைக் கண் மட்டத்திற்கு மேல் தூக்காதீர். நாக்கை இழுக்காதீர். இருமினால் நிறுத்துக. அளந்து கொடுக்க. கொடுத்த மருந்தின் பெயர், அளவு, நாள் ஆகியவற்றை வீட்டு நாட்காட்டியிலேயே குறித்து வைத்து, மருத்துவர் வந்ததும் காட்டவும். மருந்து கொடுத்தபின் எத்தனை நாட்கள் பாலை விற்கக் கூடாது என்று உறையில் உள்ளதோ, அத்தனை நாட்கள் விற்காதீர். அந்தப் பாலைக் குடிப்பவர் பக்கத்து வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

அவசரத்திற்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஊர்தியை அழைக்கலாம். மேலும் விளக்கம் வேண்டுவோர் அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தையோ, திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகுங்கள். அடுத்த முறை மருந்துப் புட்டியைக் கையில் எடுக்கும்போது, மாடு நிற்கிறதா, விழுங்குகிறதா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். அந்த ஒரு கணம் ஒரு கறவையின் விலைக்குச் சமம்.